சிறுமலை, ஆடி முதல் வாரம்

ஜூலை 12, சனி

காலையிலேயே அக்கா போன். "மூணு நாள்தான் கிடைக்கும். ஆனா எதையும் விட்டுடாதே." எப்படிக்கா என்றால், "உனக்குத் தெரியாததா?" இந்த ஒரு வரியை வைத்தே முப்பது வருஷமாக என்னிடம் வேலை வாங்குகிறார்.

தன் அமைப்பின் ஆட்களுக்கு ஆடியில் பயிலரங்கு வைப்பது அக்காவின் பழைய கணக்கு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. குழந்தைக் கல்யாணத்தை நிறுத்த ஓட வேண்டாம், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம். ஆவணி பிறந்துவிட்டால் இவர்களைப் பிடிக்க முடியாது.

பட்ஜெட் தாள் வந்திருக்கிறது. வேன், சாப்பாடு, சார்ட், மார்க்கர், மாஸ்கிங் டேப், எல்லாவற்றுக்கும் தொகை போட்டிருக்கிறார்கள். என் பெயருக்கு நேரே காலி. கேட்க வேண்டும். கேட்க மாட்டேன்.

ராத்திரி மறுபடி அந்தச் சூடு. கழுத்தில் கிளம்பி காது வரை. ஃபேனை அஞ்சில் வைத்தேன். அவர் போர்வையை இழுத்துக்கொண்டு முனகினார்.

ஜூலை 14, திங்கள்

போகுமுன் ஒவ்வொருவரிடமும் போனில் கொஞ்சம் பேசிவிடுவது என் வழக்கம். பதினாலு பேர். பெண்கள் 11, ஆண்கள் 3.

"எல்லாம் நல்லாப் போகுதுங்க மேடம்." "டீம் ஒத்துமையா இருக்குங்க மேடம்." அடுத்தடுத்து இதே. நோட்டில் எழுத ஒன்றுமில்லை.

குன்னாண்டார்கோவில் பக்கம் வேலை பார்க்கிற பெண், கு., கடைசியில் ஒன்று கேட்டாள். "மேடம், அங்கருந்து திரும்பிவர பஸ் இருக்குமா?" வேன் வருதே என்றேன். "தெரியும் மேடம். சும்மா கேட்டேன்." அன்னவாசல் பெண்ணும் பஸ் கேட்டாள். திருவரங்குளத்துப் பெண் எத்தனை மணிக்கு முடியும் என்று மூன்று தடவை. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறார்களோ.

திட்ட மேலாளர் தம்பி நாற்பது நிமிஷம். ஆண்மை, மறுவரையறை, உரையாடல் வெளி. காது சூடாகிவிட்டது. இது வேறு சூடு.

ஜூலை 16, புதன்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வேனில் ஏறிக்கொண்டேன். சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. ஏழாவதில் முதல் வாந்தி. அதற்கப்புறம் ஒரே எலுமிச்சம்பழம் சீட்டுக்கு சீட்டு கைமாறிக்கொண்டே இருந்தது. தம்பி ஒவ்வொரு வளைவாக எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தார். யாராவது அந்த எலுமிச்சம்பழத்தை அவர் வாயில் வைத்திருக்கலாம்.

மேலே குளிர். வாழைத்தார் ஏற்றிய குதிரைகள் ரோட்டோரம் நின்றன. எல்லாரும் இறங்கி போட்டோ எடுத்தார்கள். கு. மட்டும் குதிரைக்காரரிடம், "கடைசி பஸ் எத்தனை மணிக்குண்ணே?" என்று விசாரித்து வைத்துக்கொண்டாள்.

சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும். நல்லது.

அக்காவும் நானும் ஒரே அறை. எல்லாரும் ஸ்வெட்டரில் இருக்க, பதினொரு மணிக்கு எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுகிறது. ஜன்னலைத் திறந்தேன். "பைத்தியமாடி உனக்கு? ஊதக்காத்து." சாத்தினேன். அக்காவுக்கு இதெல்லாம் எப்போது வந்தது, எப்படிக் கடந்தார்? கேட்டதேயில்லை. மாதவிடாய் பற்றி ஊர் ஊராக மைக் பிடித்துப் பேசியவர்கள் நாங்கள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. ஒட்டிய சார்ட்டெல்லாம் பறந்தது. அம்மியே பறக்கிற காற்றில் மாஸ்கிங் டேப் எம்மாத்திரம். கடைசியில் சார்ட்டைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தோம். அதுவும் நல்லதுக்குத்தான். எல்லாரும் தரைக்கு வந்துவிட்டார்கள். அக்கா, தம்பி, கணக்கு சார் மட்டும் நாற்காலியில்.

அவரவர் வாழ்க்கையை ஆறாக வரைந்தோம். அக்காவின் ஆறு இரண்டு சார்ட்டுக்கு நீண்டது. 1991. புதுக்கோட்டை, அறிவொளி எழுத்தறிவு இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். வாடகை சைக்கிள் எடுத்துப் பழகியது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பிளை சைக்கிளில் ஏறி, முன்பாரில் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டியது. 1992 மகளிர் தினத்தையொட்டிப் போன ஊர்வலம். "டவுனே நின்னு பாத்துச்சு." கண் கலங்கினார். எனக்கும். எனக்குப் பதினெட்டு வயசு அப்போது. சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தவர் அக்காதான். விழுந்த தழும்பு முட்டியில் இன்னும் இருக்கிறது.

இளையவர்கள் கைதட்டினார்கள். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மதியம் உள் புகார்க் குழு பற்றிப் பேச்சு. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பத்துப் பேர் வேலை செய்கிற இடத்திலேயே குழு வேண்டும் என்கிறது. இவர்களிடம் குழு உண்டு, சுவரில் போஸ்டரும் உண்டு. வெளி உறுப்பினர் யார் என்றேன். ஒரு பேர் சொன்னார்கள். அந்த அம்மா இறந்து இரண்டு வருஷம். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "குறிச்சுக்கங்க" என்றார் அக்கா, கணக்கு சாரிடம்.

'அப்புறம் பேசலாம்' சார்ட் ஒரே நாளில் நிரம்பிவிட்டது. ஜெராக்ஸ் மெஷின். ரெண்டாவது சனிக்கிழமை. பாத்ரூம் தாழ்ப்பாள். ஒரு சீட்டில் பென்சிலில், 'பஸ்'. அவ்வளவுதான். யார் எழுதியது என்றேன். ஒரு கை எழவில்லை.

தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காப்பி. இதுதான் கடைசி. இனிமேல் மொழிபெயர்ப்பு வேலை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. ஐந்து மணிக்கே தலைக்குக் குளித்து, ஈரத்துண்டும் கோலமாவுமாக நிற்கிறார்கள். தம்பி சமையற்கட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தார், யாரும் சொல்லாமலே. இஞ்சி தட்டிப் போட்ட டீ. நன்றாக இருந்தது. மனுஷன் மேல் எரிச்சல் பாதி குறைந்தது. பாதிதான்.

24 மணி நேரக் கடிகாரம் போடலாம் என்றேன். "மேடம், இத நாங்களே ஊர்ல நடத்துறோமே" என்றார்கள். ஊர்ப் பெண்களின் கடிகாரம் போட்டிருக்கீங்க, உங்க கடிகாரம்? இல்லை. ஒருத்தர்கூட இல்லை.

வேலைக்குப் பச்சை, வீட்டுக்குச் சிவப்பு, தூக்கத்துக்கு நீலம். கு. எழுந்து வந்தாள்.

"மேடம், மஞ்சள் எடுத்துக்கவா?"

எதுக்கு?

"நிக்கிறதுக்கு."

அவள் எடுத்ததைப் பார்த்து அன்னவாசல் பெண்ணும் எடுத்தாள். மஞ்சள் மார்க்கர் கை மாறி மாறிப் போயிற்று. பதினொரு கடிகாரத்திலும் காலையில் ஒரு கீற்று, சாயந்தரம் பெரிய துண்டு. கு.வுக்கு இரண்டே முக்கால் மணி நேரம். டவுன் பஸ்ஸில்தான் பெண்களுக்கு இலவசம். வேறு பஸ்ஸில் ஏறினால் டிக்கெட், மினி பஸ்ஸில் டிக்கெட். ஆக, டவுன் பஸ் வருகிற வரைக்கும் நிற்பது. 2021ல் இலவசம் வந்ததும் அலுவலகத்தில் பெண்களுக்குக் கொடுத்துவந்த பயணப்படியை, டி.ஏ. 900 ரூபாயை, நிறுத்தியிருக்கிறார்கள். "பொம்பளைங்களுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே." யார் சொன்னது? எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தரையெல்லாம் மஞ்சள்.

வளரிளம் பெண்கள் கூட்டம் ஆறு மணிக்குத்தான் கூடும். பள்ளிக்கூடம் விட்டு, தண்ணி பிடித்து, தம்பி தங்கச்சிக்குச் சோறு போட்டுவிட்டு வருகிற பிள்ளைகள். கடைசி டவுன் பஸ் 6.50. "பிள்ளைங்க வாயத் திறக்குற நேரத்துக்கு நாங்க பையத் தூக்கிருவோம் மேடம்."

அப்போது தம்பி பேசினார். அதுவரை பேசாமல் இருந்ததே அதிசயம். "எனக்கு பெட்ரோலுக்கு 2,000 போடுறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "மூணு பேருக்கும்." கணக்கு சாருக்கும் சேர்த்து, பேங்குக்குப் போய்வர. டாக்குமென்டேஷன் பையனுக்கும். பெண்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை, ஒருத்திக்கும் தெரியாது. திருவரங்குளத்துப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் மஞ்சள் இல்லை.

அக்கா எழுந்து வெளியே போனார்.

டீ பிரேக் என்றேன். வேறென்ன சொல்ல. உடம்பெல்லாம் தணல். குழாயடியில் முகம் கழுவினேன். திரும்பப் போய்க் கழுவினேன்.

அதே நாள், இரவு

விளக்கை அணைத்த பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"நீயுமா?"

நான் ஒண்ணும் சொல்லலயேக்கா.

"கடிகாரம் எதுக்கு இப்ப?"

பிறகு கொட்டித் தீர்த்தார். 2020ல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள், 50 சதவீதம் வரை இருந்த நிர்வாகச் செலவு 20 ஆனது. ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குத் தரக்கூடாது என்றானது. பெரிய அமைப்பிடமிருந்து இவர்களுக்கு வந்துகொண்டிருந்தது அன்றோடு நின்றது. கொரோனா வேறு. ஒருத்தரைக்கூட வேலையைவிட்டு அனுப்பவில்லை. எல்லாம் நிஜம். அந்த வருஷம் அக்கா வளையலை அடகு வைத்தது எனக்குத் தெரியும்.

ஃபீல்டுக்குப் போற பஸ் காச நிர்வாகச் செலவுல எதுக்குக்கா எழுதணும்? பதில் இல்லை. பெட்ரோல எதுல எழுதினீங்க? அதற்கும் இல்லை.

"நாங்கல்லாம் நடந்தே போனோம்டி."

போனோம். அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே இந்தப் பிள்ளைகளின் வாயை அடைத்துவிட்டோமோ.

அக்கா குறட்டை. நான் முழித்துக் கிடக்கிறேன். கோபமா, பாவமா, புரியவில்லை. நாளைக்குக் காலையில் முகத்தைப் பார்க்க வேண்டும். ஜன்னலைத் திறக்கப் பயம். வேர்வையில் தலையணை ஈரம். திருப்பிப் போட்டேன்.

ஜூலை 19, சனி

இன்றைக்குக் கு. பேசினாள். நான் கேட்கவில்லை. காலையில் பொறுக்கிய ஒரு கூழாங்கல்லை வட்டத்தில் விட்டிருந்தேன், கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். இரண்டு சுற்றும் பக்கத்தில் தள்ளிவிட்டாள். மூன்றாவதில் வைத்துக்கொண்டாள்.

போன ஆவணி. பத்தாவது படிக்கிற பிள்ளை. ராத்திரி ஒன்பதரைக்கு அந்தப் பிள்ளையின் சிநேகிதியிடமிருந்து மிஸ்டு கால். விடிந்தால் கல்யாணம். மண்டபத்தில் இல்லை, குலதெய்வக் கோயிலில். கு. குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொன்னாள், சொல்ல வேண்டிய எல்லாருக்கும் சொன்னாள். அதிகாரிகள் கிளம்பினார்கள். வழி கேட்டார்கள். அந்தக் கோயிலுக்கு வழி சொல்ல முடியாது, கூட்டிக்கொண்டுதான் போக முடியும். கண்மாய்க்கரையில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் வண்டித்தடம் மூன்றாகப் பிரிகிற இடத்தில் நடுத்தடம். அதுவும் இருட்டில். இவள் வீடு 14 கிலோமீட்டர் தள்ளி.

தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம். முன்பு ஒரு ராத்திரி அவர் பைக்கில் வந்து இறங்கினதற்கு ஊர் என்ன பேசியது, அவர் வீட்டில் என்ன நடந்தது என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். ஆட்டோக்காரர் 700 கேட்டார். கையில் 240.

முகூர்த்தம் 4.30லிருந்து 6. முதல் பஸ் 6.10.

"நாலு மணிக்கே ஸ்டாப்புல போய் நின்னேன் மேடம். பஸ் வராதுன்னு தெரியும். நின்னேன்."

தம்பி குனிந்துகொண்டார். திருவரங்குளத்துப் பெண் கு. முதுகில் கை வைத்தாள். கணக்கு சார் நாற்காலியைவிட்டு இறங்கித் தரையில் வந்து உட்கார்ந்தார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

அந்தப் பிள்ளை இப்ப? "மாசமா இருக்கு மேடம்." பன்னிரண்டு முடித்துக் காலேஜ் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் வரும் என்று அதன் அம்மாவிடம் பேசி, தலையாட்ட வைத்திருந்தாளாம்.

அக்கா கேட்டார், "இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

கு. நிமிர்ந்தாள். "டி.ஏ. கேக்குறதுக்காகச் சொல்றேன்னு நெனச்சிருவீங்களோன்னு."

என் கையில் அடுத்த அட்டை. 'வெற்றிகளைக் கொண்டாடுவோம்.' பைக்குள் போட்டேன்.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஜன்னல் வழியாகக் குரங்கு வந்து பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, அப்பளத்தோடு போனது. அதற்குச் சிரித்த சிரிப்பு. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். கு.வும். ஐந்து நிமிஷம் நிறுத்த முடியவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, நானும் சிரித்தேன்.

பிற்பகல் மூன்று குழுவாகப் பிரிந்து எழுதினார்கள். டி.ஏ. எல்லாருக்கும். ராத்திரி அவசரத்துக்கு வண்டி வைக்க ஒன்றியத்துக்கு 3,000 ரூபாய் கையிருப்பு, யாரையும் கேட்காமல் எடுக்கலாம், பில் அப்புறம். பிள்ளைகள் கூட்டம் ஞாயிறு காலைக்கு மாறும். உயிரோடு இருக்கிற வெளி உறுப்பினர் (இந்த வார்த்தையிலேயே எழுதியிருக்கிறார்கள்). எல்லாரும் சார்ட்டின் கீழே கையெழுத்துப் போட்டார்கள். அக்கா போடவில்லை. "பாத்துப் பண்ணுவோம்."

சார்ட்டைச் சுருட்டி என் பையில் வைத்துக்கொண்டேன். அலுவலகத்துக்குப் போக வேண்டியது. போட்டோ அனுப்பினால் போதும்.

ஜூலை 20, ஞாயிறு

இறக்கம். தம்பி வளைவை எண்ணவில்லை. எண்ணியிருக்கலாம், வேனில் அவ்வளவு மௌனம். எல்லார் மடியிலும் சிறுமலைப் பழம், செய்தித்தாளில் சுற்றி. ராத்திரி மழைக்கு ரோடெல்லாம் மண். அக்கா முன் சீட்டில்.

திண்டுக்கல்லில் இறங்கும்போது கு., "மறுபடி வருவீங்களா மேடம்?" தெரியலப்பா என்றேன். அக்கா திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

திருச்சி பஸ்ஸில் ஜன்னலோர சீட். சூடு வந்தபோது காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வேலை பிடித்துத்தான் இருக்கிறது. அதுதான் தொல்லை.

ஜூலை 23, புதன்

ரிப்போர்ட். போக்குவரத்தை முதலில் வைத்தேன். நான்காவதுக்குத் தள்ளினேன். மறுபடி முதலில். அக்கா பக்கத்து நியாயமாக ஒரு பத்தி, 2020, நிதி, எல்லாம் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன், சின்னதாக. அதுவும் நடந்ததுதானே.

கு. வாட்ஸ்அப்: "இன்னைக்கு மஞ்சள் 1.15 தான் மேடம். பஸ் சீக்கிரம் வந்துருச்சு." சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

அக்காவிடமிருந்து ஒன்றுமில்லை. என் பணம் பற்றியும் ஒன்றுமில்லை.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். தெருமுனைக் கோயிலில் வளையல் கொடுத்தார்கள். சின்ன சைஸ். சோப்பு போட்டு ஏற்றினேன், கை எரிகிறது.

வளையலோடு போராடும்போது அக்கா போன். "ரிப்போர்ட் படிச்சேன். காரமா இருக்கு." பேசாமல் இருந்தேன். "ஆகஸ்ட்லேர்ந்து டி.ஏ. போடுறோம். 600. இப்போதைக்கு."

ஆம்பிளைங்களுக்கு?

"அது பெட்ரோல்டி. அது வேற."

ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்போதே போட்டுப் பார்த்தேன். பதினொரு அறுநூறு 6,600. மூன்று இரண்டாயிரம் 6,000. மொத்தம் 12,600. அக்கா, பதினாலு பேருக்குச் சமமா வகுத்தா தலைக்கு 900 வருது. பழைய 900. ஒரு ரூபாய்கூடக் கூடுதலா வேண்டாம்.

அந்தப் பக்கம் வெகுநேரம் ஒன்றுமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். "கணக்கு சார்ட்ட கேக்குறேன்" என்றார். ராத்திரி வண்டிக் கையிருப்பு? "அதையும்." பிறகு, "உன் ஃபீஸ் எவ்வளவுன்னு நீ சொல்லவே இல்லையே."

சொன்னேன். போன வருஷத்தைவிடக் கூட்டியே சொன்னேன்.

"அவ்வளவா?"

ஆமாக்கா.

ஆவணி ஒண்ணு ஆகஸ்ட் 17ல் வருகிறது. முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் அந்த 3,000 ஒன்றியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை அக்காவுக்குத் திரும்பப் போன் போட வேண்டும். கணக்கு சார் நம்பரையும் தம்பியிடம் வாங்கி வைக்க வேண்டும்.